தகுதியற்றவருக்கு இரட்சிப்பு உண்டா? ஒரு தொடக்க விளக்கம்

நீலகிரியின் சிற்றூர் ஆலயங்களில் திருவிருந்து, அதாவது இயேசுவின் நினைவாக அப்பத்தையும் பாத்திரத்தையும் பகிரும் வழிபாடு, நடைபெறும் ஞாயிறுகளில் சிலர் கடைசி வரிசையிலோ வாசற்படியருகிலோ அமர்ந்திருப்பார்கள். பாட்டுப் பாடுவார்கள், அருளுரையைக் கவனமாகக் கேட்பார்கள், காணிக்கையும் போடுவார்கள். மற்றவர்கள் எழுந்து பீடத்தை நோக்கிச் செல்லும் வேளையில் மட்டும் மெல்ல வெளியே போய்விடுவார்கள். காரணம் கேட்டால், "நமக்கெல்லாம் அதுக்கு லாயக்கில்லைங்க" என்ற விடை வரும். குடிப்பழக்கம், முறிந்துபோன குடும்பம், உடன்பிறந்தவருடன் பல ஆண்டுகளாகப் பேசாத பகை, யாரிடமும் சொல்ல முடியாத ஒரு பழைய செயல் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். முதலில் தம்மைத் திருத்திக்கொண்டு, பிறகு கடவுளிடம் வரவேண்டும் என்பதே அவர்களுடைய எண்ணம். பணிவிலிருந்து பிறந்த எண்ணம்தான். ஆயினும் கிறிஸ்தவ நற்செய்தி கற்பிக்கும் வரிசையை இது தலைகீழாக்கிவிடுகிறது. எப்படி என்பதை, இரட்சிப்பு என்ற கோட்பாட்டை முதன்முறையாகக் கேட்பவருக்கும் புரியும்படி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாவம் என்றவுடன் பொய், களவு, விபச்சாரம் எனச் செயல்களின் பட்டியல் ஒன்று நம் நினைவுக்கு வருகிறது. வேதாகமம் அச்செயல்களையும் பாவம் என்றுதான் சொல்கிறது. ஆனால் அது அங்கே நின்றுவிடுவதில்லை. யோவான் நற்செய்தியின் 8ஆம் அதிகாரத்தில், பாவம் செய்கிற எவரும் பாவத்துக்கு அடிமையாயிருக்கிறார் என்று இயேசு கூறுகிறார். அதாவது பாவம் மனிதன் செய்யும் செயல் மட்டுமன்று, அவனை ஆளும் எசமானும்கூட. ஆகவே பாவியின் சிக்கல் இரண்டாகப் பிரிகிறது: செய்துவிட்ட செயலுக்கான குற்றப்பொறுப்பு ஒன்று, மீண்டும் மீண்டும் அதையே செய்யவைக்கும் பிடி மற்றொன்று. குற்றத்தை மன்னித்துவிட்டுப் பிடியை அப்படியே விட்டுவைப்பது முழுமையான மீட்பு ஆகாது. பிடியைத் தளர்த்திவிட்டுப் பழைய குற்றத்தை அப்படியே விட்டுவைப்பதும் ஆகாது. இரட்சிப்பு என்று கிறிஸ்தவர்கள் சொல்லும்போது, கத்தோலிக்கர் மீட்பு என்று சொல்லும்போதும், இரண்டுக்குமான விடையையே சொல்கிறார்கள்.

அந்த விடையின் மையம் இயேசு கிறிஸ்துவின் சிலுவை மரணமும் உயிர்த்தெழுதலும் ஆகும். ஒருவருடைய மரணம் மற்றவர்களை எவ்வாறு விடுவிக்கும் என்ற கேள்விக்குத் திருச்சபை பல விளக்கங்களைத் தந்திருக்கிறது. அடிமைகளை மீட்கக் கொடுக்கப்பட்ட விலை என்பது ஒன்று. இது மாற்கு 10:45இல் இயேசுவின் சொல்லிலேயே உள்ளது. பலி என்பதும், நம் தண்டனையை அவர் ஏற்றார் என்பதும், சாவின் வல்லமையை அவர் வென்றார் என்பதும் வேறு விளக்கங்கள். இவற்றுள் எது முதன்மையானது என்பதில் இறையியலாளர்கள் இன்றும் ஒருமிக்கவில்லை. தொடக்கநிலையில் இருப்பவர் அந்த விவாதத்தில் சிக்கிக்கொள்ளத் தேவையில்லை. இவ்விளக்கங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றைக் கவனித்தால் போதும்: மீட்பின் செயல் நமக்கு வெளியே, நாம் எதுவும் செய்யாதிருக்கும்போதே, நடந்து முடிந்துவிட்டது. "நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததினாலே" தேவன் தமது அன்பை விளங்கப்பண்ணினார் என்று அப்போஸ்தலரான பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். நாம் திருந்திய பின்னர் என்று அவர் எழுதவில்லை.

இந்த வரிசையை நற்செய்தி நூல்களில், குறிப்பாக லூக்காவில், திரும்பத் திரும்பக் காணலாம். எரிகோ ஊரின் சகேயு ரோமப் பேரரசுக்காக வரி வசூலித்துச் செல்வம் சேர்த்த தலைவன். சொந்த மக்களாலேயே வெறுக்கப்பட்டவன். அவன் திருந்துவதாக ஒரு சொல்லும் சொல்வதற்கு முன்னரே, இன்று உன் வீட்டில் தங்கவேண்டும் என்று இயேசு சொல்லிவிடுகிறார். சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், வஞ்சித்து வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் அவன் சொல்வது அதற்குப் பிறகுதான். விபச்சாரத்தில் பிடிபட்டதாகக் கொண்டுவரப்பட்ட பெண்ணிடம் இயேசு பேசும் இரண்டு வாக்கியங்களின் வரிசையும் இதுவே: நானும் உன்னைத் தண்டனைக்கு உட்படுத்தவில்லை என்பது முதல் வாக்கியம், இனிப் பாவம் செய்யாதே என்பது அடுத்தது. இடத்தை மாற்றி வைத்துப் பார்த்தால், அதாவது இனிப் பாவம் செய்யாமல் இருந்தால் உன்னைத் தண்டனைக்கு உட்படுத்த மாட்டேன் என்று படித்தால், கிடைப்பது நற்செய்தி அன்று, நன்னடத்தைப் பிணையம்.

இளைய மகனின் உவமை இன்னும் நுட்பமானது. சொத்தைப் பிரித்து வாங்கி அழித்துவிட்ட மகன், ஊர் திரும்பும் முன் தந்தையிடம் சொல்லவேண்டியதை மனத்துக்குள் தயாரிக்கிறான்: பாவம் செய்தேன், உமது மகன் என்று சொல்லப்படத் தகுதியுடையவன் அல்லன், உமது கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். வீட்டருகே வந்ததும் முதல் இரண்டையும் சொல்கிறான். மூன்றாவதைச் சொல்ல அவனுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அதற்குள் தந்தை நல்ல ஆடையையும் மோதிரத்தையும் மிதியடியையும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். மகன் கேட்க நினைத்தது வேலை. உழைத்து இழந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்கலாம் என்ற கணக்கு அதில் இருக்கிறது. தந்தையோ அவனைக் கூலியாட்களின் பேர்ப் பதிவில் சேர்க்க மறுத்து வீட்டுக்குள் சேர்க்கிறார். வாசற்படியருகே அமர்ந்திருப்பவர் கேட்பதும் பெரும்பாலும் அந்தக் கூலிக்காரன் இடத்தைத்தான். இறைமக்கள் நடுவில் அப்படி ஓர் இடமே இல்லை என்பதை அவரிடம் யாராவது எடுத்துச் சொல்லவேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழுவது இயல்பு. தகுதியில்லாமல் அப்பத்தையும் பாத்திரத்தையும் பெறுகிறவர் குற்றவாளி ஆவார் என்று 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தில் பவுலே எழுதவில்லையா? எழுதியிருக்கிறார், பலரைப் பின்வரிசையில் கட்டிப்போட்டிருக்கும் வசனமும் இதுதான். ஆனால் அந்த அதிகாரத்தை 17ஆம் வசனத்திலிருந்து படிப்பவருக்கு, பவுல் யாரைக் கண்டிக்கிறார் என்பது விளங்கிவிடும். கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் தங்கள் உணவை முந்திக்கொண்டு உண்டார்கள், சிலர் வெறிகொள்ளும் அளவுக்குக் குடித்தார்கள், இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். ஏழைகளை வெட்கப்படுத்தியபடியே கிறிஸ்துவின் பந்தியில் கைநீட்டிய செயலே அங்கே கண்டிக்கப்படுகிறது. தன் பாவத்தை நினைத்து மனம் நொந்தவரை விலக்குவது அவர் நோக்கம் அன்று. ஒவ்வொருவரும் தம்மைச் சோதித்தறிந்து, அதன்பின் உண்ணட்டும் என்பதே அவருடைய கட்டளை. சோதித்தறிந்து விலகிக்கொள்ளட்டும் என்று அவர் முடிக்கவில்லை. பெரும் பாவத்தில் இருப்பவர் பாவ அறிக்கை செய்து ஒப்புரவு எனப்படும் பாவமன்னிப்பு அருட்சாதனத்தைப் பெற்ற பின்னரே நற்கருணை, அதாவது திருவிருந்தின் அப்பம், பெறவேண்டும் என்பது கத்தோலிக்க ஒழுங்கு. உதகையின் காந்தல் குருசடி போன்ற திருத்தலங்களுக்குச் செல்பவர்கள் அதை நன்கு அறிவார்கள். அந்த ஒழுங்கும் வாழ்நாள் முழுவதும் தொலைவில் நிற்கச் சொல்வதில்லை. வந்து சேரும் வழியைத்தான் காட்டுகிறது.

தகுதியின்மை என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு பொருள்கள் கலந்துகிடப்பதையும் பிரித்துப் பார்க்கவேண்டும். தாம் செய்த தீமையால் வரும் குற்ற உணர்வு ஒன்று. பிறர் சுமத்திய இழிவு மற்றொன்று. சாதியின் பெயரால் ஆலயத்திற்குள்ளேயே தள்ளி உட்காரவைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளும், வன்முறைக்கு ஆளாகி அதன் வெட்கத்தைத் தாமே சுமக்கும் பெண்களும், மனநோயின் காரணமாக ஊராரால் ஒதுக்கப்பட்டவர்களும் தம்மைத் தகுதியற்றவர்கள் என்று எண்ணிக்கொள்கிறார்கள். இவர்களுக்கு இந்த வகையில் மன்னிப்புத் தேவையே இல்லை. ஏனெனில் இந்த வகையில் இவர்கள் குற்றம் செய்தவர்கள் அல்லர். மாற்கு 5ஆம் அதிகாரத்தில் 12 ஆண்டுகள் இரத்தப்போக்கால் வருந்தி, தீட்டுள்ளவள் என்று விலக்கப்பட்ட பெண்ணிடம் உன்னை மன்னிக்கிறேன் என்று இயேசு சொல்லவில்லை. மகளே என்று அழைத்துக் கூட்டத்தின் நடுவில் நிறுத்திச் சமாதானத்தோடு அனுப்புகிறார். குற்றமில்லாதவரிடம் மனந்திரும்பு என்று சொல்வது, என் கருத்தில், போதகர்கள் செய்யும் பெரும் அநீதிகளுள் ஒன்று.

கிருபை, அதாவது தகுதி பாராமல் கடவுள் தரும் அருள், முதலா, மனித முயற்சி முதலா என்ற கேள்வி புதியதன்று. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மனிதன் தன் சுயவிருப்பத்தாலேயே நன்மையைத் தேர்ந்து பாவமின்றி வாழ இயலும் என்று பெலாஜியுஸ் என்ற துறவி கற்பித்தபோது, வட ஆப்பிரிக்க ஆயரான அகுஸ்தீன் அதைக் கடுமையாக மறுத்தார். 418இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கூடிய ஆயர்களின் சங்கம் பெலாஜியுஸின் போதனையைக் கண்டித்தது. 529இல் தென் பிரான்சின் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் இன்னும் ஒரு படி சென்று, விசுவாசத்தின் தொடக்கமும்கூடக் கடவுளின் கொடையே என்று அறிவித்தது. 1517க்குப் பின் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லுத்தரும் ரோமின் கத்தோலிக்கத் திருச்சபையும் பிரிந்தபோது இதே கேள்வி பெரும் பூசலுக்குக் காரணமாயிற்று. ஆனால் 1547இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் வெளியிட்ட ஆணையும், நம்மைக் கடவுள் முன் நீதிமானாக்கும் கிருபைக்கு முன்வரும் விசுவாசமோ செயல்களோ அக்கிருபையை ஈட்டித் தருவதில்லை என்றே கூறுகிறது. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பூர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் கூட்டமைப்பும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, நம் பக்கத்துத் தகுதி எதனாலும் அன்று, கிருபையினாலேயே கடவுள் நம்மை ஏற்கிறார் என்பதை இரு தரப்பின் பொது நம்பிக்கையாக அறிவித்தது. 2006இல் மெதடிஸ்டுகளும் அதில் இணைந்தார்கள். பிரிவுகள் பல, பல நூற்றாண்டுச் சண்டைக்குப் பிறகு ஒப்புக்கொண்ட இந்த ஒன்றை, நம் மலையூர்ப் பின்வரிசைகள் இன்னும் முழுவதும் கேட்டறியவில்லை.

விசுவாசம் வேண்டும் என்கிறார்களே, அதுவே ஒரு தகுதி ஆகிவிடாதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. விசுவாசம் என்பது மனத்தின் உறுதியை அளந்து காட்டும் சாதனை அன்று. இன்னொருவர் செய்ததை நம்பித் தம்மை அவரிடம் ஒப்படைப்பதாகும். மாற்கு 9ஆம் அதிகாரத்தில், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவும் என்று கதறிய தந்தையின் அரைகுறை விசுவாசத்தை இயேசு திருப்பி அனுப்பவில்லை. சிலுவையில் அருகே தொங்கிய கள்வனுக்கு ஞானஸ்நானம் இல்லை, நற்செயல் செய்ய நேரமும் இல்லை. தன் தண்டனை நியாயமானது என்று ஒப்புக்கொண்டு, என்னை நினைத்தருளும் என்று கேட்டான். இன்றே என்னுடன் பரதீசில் இருப்பாய் என்ற பதில் வந்தது.

இவ்வளவு எளிதாகக் கிடைக்குமானால், மன்னிப்பு உண்டு என்று எண்ணியே மனிதன் பாவம் செய்யமாட்டானா? பவுலிடமும் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். ரோமர் 6ஆம் அதிகாரம் முழுவதும் அதற்கான விடை. இங்கேதான் இரட்சிப்பின் இரண்டாம் பாதியான, பாவத்தின் பிடியிலிருந்து கிடைக்கும் நிலையான விடுதலை தொடங்குகிறது. அந்த விடையை விளக்க, இம்மலையிலேயே முதியவர்கள் சிலர் கேட்டறிந்திருக்கும் ஒரு வழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி, கூடலூர், பந்தலூர், குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களில் குடியேறிய குடும்பங்களின் முன்னோர், அங்கே துண்டு முறையின் கீழ் வாழ்ந்தவர்கள். ஆட்களைத் திரட்டி மேற்பார்த்த கங்காணியிடம் வாங்கிய முன்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் பெயரில் கடனாக நிற்கும். அவர் வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால், இன்ன கடனைச் செலுத்துகிறவர் இவரை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிய ஒரு துண்டுக் காகிதம் வேண்டும். புதிய தோட்டம் பழைய கடனை அடைக்கும். ஆனால் அந்தத் தொகை மறுபடியும் அதே தொழிலாளியின் பெயரில் ஏறும். தோட்டம் மாறும், கடன் மாறாது. 1921இல் இலங்கையில் சட்டத்தின் மூலம் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. கிறிஸ்து செலுத்திய விலை புதிய தோட்டக்காரர் செலுத்தியதைப் போன்றதன்று. அது மீட்கப்பட்டவரின் பெயரில் ஏற்றப்படுவதில்லை. ஆகவே மீட்கப்பட்டவர் செய்யும் நன்மை எதுவும் கடனை அடைக்கும் தவணை ஆகாது. அதே வேளையில், கடன் ஒழிந்த மறுநாளும் விடியற்காலையில் தப்புப் பறையின் சத்தம் கேட்டால் உடல் பழக்கத்தால் எழுந்து பிரட்டுக்கு, அதாவது ஆட்களைப் பேர் கூப்பிடும் இடத்துக்கு, ஓடப் பார்க்கும். ஓடவேண்டும் என்று கட்டளையிடும் உரிமை பழைய கங்காணிக்கு இனி இல்லை என்பதை உடலும் மனமும் கற்றுக்கொள்ளக் காலம் பிடிக்கும்.

உரிமை ஒரே நாளில் மாறுவதை இறையியல் நீதிமானாக்கப்படுதல் என்றும், வாழ்க்கை அந்த உரிமைக்கு ஏற்ப மாறிக்கொண்டே வருவதைப் பரிசுத்தமாகுதல் என்றும் சொல்கிறது. சீர்திருத்தச் சபைகள் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரிப்பார்கள். கத்தோலிக்கர் இரண்டையும் ஒரே செயலின் இரு பக்கங்களாகவே காண்பார்கள். "பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது" என்று பவுல் சொல்லும்போது அதற்கு அவர் தரும் காரணம், நீங்கள் கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறீர்கள் என்பதே. மனவுறுதியை அவர் காரணமாகக் காட்டவில்லை. மன்னிப்பைத் தந்த அதே கிருபைதான், தூய ஆவியாரின் வழியாக, பிடியையும் தளர்த்துகிறது. மன்னிப்புக்குக் கடவுளையும் மாற்றத்துக்குத் தம்மையும் நம்புகிறவர்கள் விரைவில் களைத்துப்போவது இதனால்தான்.

அந்த விடுதலை எவ்வளவு முழுமையானது, எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதில் சபைகள் ஒரே விடையைத் தருவதில்லை. உதகையில் ஒருவர் ஒரே வாரத்தில் பல விடைகளைக் கேட்கமுடியும். 1947இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றிணைந்த தென்னிந்தியத் திருச்சபைக்குள்ளேயே இந்த வேறுபாடு உண்டு. சீர்திருத்தத் தலைவர் கால்வினின் மரபினர், கடவுள் தொடங்கியதை அவரே முடிப்பார், மெய்யாக மீட்கப்பட்டவர் இறுதிவரை காக்கப்படுவார் என்பார்கள். மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியின் மரபினர், விசுவாசத்தைக் கைவிட்டு விலகிப்போக மனிதனால் இயலும் என்று எச்சரிப்பார்கள். அதே வெஸ்லிதான் அறிந்து செய்யும் பாவத்திலிருந்து இவ்வுலக வாழ்விலேயே விடுபடும் அளவுக்கு அன்பில் நிறைவடைய முடியும் என்றும் கற்பித்தார். கத்தோலிக்கர், பெரும் பாவத்தால் அருள்நிலையை இழக்கலாம், ஒப்புரவால் மீண்டும் பெறலாம் என்பார்கள். பெந்தெகொஸ்தே சபைகள் பலவும் ஆவியின் நிறைவையும் தூய வாழ்வையும் வற்புறுத்துகின்றன. ரோமர் 7ஆம் அதிகாரத்தில், விரும்புகிற நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையையே செய்கிறேன் என்று புலம்புகிறவர் விசுவாசத்துக்கு வருமுன் இருந்த மனிதரா, விசுவாசியேதானா என்பதில் உரைகாரர்கள் பிரிந்து நிற்பதும் இதன் தொடர்ச்சியே. சோதனையே இல்லாத வாழ்வை இம்மரபுகள் எதுவும் வாக்களிக்கவில்லை. சோதனைக்கு இணங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயம் உடைந்துவிட்டது என்றே சொல்கின்றன. நிலையான விடுதலை என்பதற்கு நான் புரிந்துகொண்ட பொருளும் அதுவே.

குடிநோயைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஏனென்றால் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் இக்கேள்வி பெரும்பாலும் அந்த உருவத்திலேயே வருகிறது. ஜெபத்துக்குப் பின் ஒரே நாளில் குடியை விட்டவர்களின் சாட்சிகளை நாம் கேட்டிருக்கிறோம், அவை பொய்யல்ல. அவ்வாறு விட இயலாதவருக்கு விசுவாசம் இல்லை என்று அவற்றிலிருந்து முடிவு கட்டுவது மட்டும் தவறு. நீண்ட காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்து நேரக்கூடும். ஆகவே மருத்துவரின் கண்காணிப்பில் நிறுத்துவதே முறை. மருத்துவமனைக்குச் செல்வது கிருபையை நம்பாமை ஆகாது.

மன்னிப்பு, தீங்கிழைக்கப்பட்டவருக்குச் செய்யவேண்டியதை இல்லாமலாக்குவதில்லை என்பதையும் மறக்கலாகாது. சகேயு பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். மனைவியை அடித்தவர் கடவுளிடம் மன்னிப்புப் பெற்றுவிட்டேன் என்று சொல்லி, அவளும் உடனே மறந்துவிடவேண்டும் என்று வற்புறுத்த உரிமையற்றவர். சட்டத்தின் முன் பதில் சொல்லவேண்டிய குற்றமானால் அங்கேயும் பதில் சொல்லவேண்டும். சிலுவையில் மன்னிப்புப் பெற்ற கள்வன் அன்று சிலுவையிலிருந்து இறக்கிவிடப்படவில்லை.

தொடங்க விரும்புகிறவர் செய்யவேண்டியது அதிகமில்லை. உள்ளதை உள்ளபடி கடவுளிடம் சொல்வதே தொடக்கம். ஆலயத்தில் தூரத்தில் நின்று, கண்களை ஏறெடுக்கத் துணியாமல், பாவியாகிய என்மேல் கிருபையாயிரும் என்று மார்பில் அடித்துக்கொண்ட வரிவசூலிப்பவனின் ஒருவரி மன்றாட்டு அதற்குப் போதும். அவனே நீதிமானாக்கப்பட்டு வீடு திரும்பினான் என்று இயேசு சொன்னார். ஞானஸ்நானம் பெறாதவர் அருகிலுள்ள ஆயரையோ பங்குத்தந்தையையோ போதகரையோ சந்தித்து அதற்கான ஆயத்தத்தைக் கேட்கலாம். ஏற்கெனவே பெற்றவர், தம் சபையின் வழக்கப்படி அறிக்கை செய்து மீண்டும் பந்திக்கு வரலாம். தனியாக இருந்து வெல்லமுடியாதவற்றை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லலாம்; ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடும்படி யாக்கோபின் நிருபம் அறிவுறுத்துகிறது.

பலமுறை மனந்திரும்பிப் பலமுறை விழுந்தவர் எஞ்சுகிறார். இனி எந்த முகத்தோடு வருவேன் என்பவர். அவர் இயேசுவின் சீடரான பேதுருவின் கதையை அதன் கடைசிவரை படிக்கவேண்டும். சேவல் கூவுமுன் இயேசுவை அறியேன் என்று மூன்று முறை மறுதலித்ததும், உயிர்த்த இயேசு திபேரியா கடலோரத்தில் என்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்டு அவரை மீண்டும் பணியில் அமர்த்தியதும் பலருக்குத் தெரியும். அதற்கும் பல ஆண்டுகளுக்குப் பின், பெந்தெகொஸ்தே நாளின் அருளுரைக்கும் பின், அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து வந்த சிலருக்கு அஞ்சி அப்பந்தியை விட்டு விலகிக்கொண்டார் என்று கலாத்தியர் 2ஆம் அதிகாரம் கூறுகிறது. ஆள் பார்த்து அஞ்சும் அதே பழைய பலவீனம் அது. பவுல் அவரை எல்லோர் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கண்டித்தார். ஆனால் அதற்காகப் பேதுருவை அப்போஸ்தலர் அல்லர் என்று அவரோ வேறு எவரோ புதிய ஏற்பாட்டில் எங்கும் எழுதவில்லை.